கேள்வி எண் நாற்பத்தெட்டு

நொமேரா,
8 ஜனவரி 2024

சீதாவுக்கு ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். மரேலாவும் எங்கள் பெண் மஹதியும் சௌக்கியம். நீ கேட்கப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்றாமே, யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டரை வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய். ஆபீஸ் மெயிலில் எழுதினால் இங்கே கல்வி அமைச்சகத்தில் பத்துப் பேர் படிப்பார்கள். அதனால் ப்ரூஃப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மசியில் கையெழுத்து வேண்டும் என்று அமைச்சகம் பிடிவாதம் பிடிப்பதில் இந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்து பதினாலு வருஷம். எட்டாம் வகுப்புக்கு இவர்களுடைய முதல் சொந்த வரலாற்றுப் புத்தகத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பக்கம் கட்டித் திருத்தும் வேலை அடையாற்றில் உன் கம்பெனிக்குப் போயிற்று என்று தெரிந்த அன்றைக்கே இதில் வம்பு வரும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

பக்கம் 112-ஐப் பார். பெலுவா கிராமத்தைப் பற்றிய பத்தி எங்கே? சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்னால் அந்த ஊரில் முப்பத்துநான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பது வரி எழுதியிருந்தேன். ஒன்பதையும் காணோம். பள்ளம் தெரியக்கூடாது என்று தேசியக் கொடியின் படத்தைப் பெரிதாக்கி அடைத்து வைத்திருக்கிறீர்கள். இதைச் செய்த கைக்கு வெட்கம் வேண்டாமா?

பேரை எடுப்பது உனக்குப் புதிதில்லை. உன் பெண் மதுமதி கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் எல்லோரும் பெண்டாட்டியோடு இருந்தார்கள். நான் மட்டும் 'திரு. விஜயராகவன்'. மரேலா அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் நான் எங்கே?" என்று கேட்டாள். அப்போது வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன். இது முப்பத்துநான்கு பேர் விஷயம். பத்தியைத் திரும்பப் போடு.

ராகவன்


மந்தைவெளி,
22 ஜனவரி 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் தேவலை, வாக்கர் இல்லாமல் ஸ்டேஷன் வரை நடக்கிறார். மதுமதி முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். இதையும் யார் மூலமாகவோ நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

அந்தப் பத்தியை எடுத்தவள் நான்தான். என்னிடம் வேலை பார்க்கும் ஜலஜாவோ நதீமோ இல்லை. என் கைக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. முப்பத்தொரு வருஷமாகப் பிறத்தியார் புத்தகத்தைத் திருத்துகிறேன், ஒரு வரியைக் காரணமில்லாமல் எடுத்ததில்லை.

உன் அமைச்சகம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தைப் படித்துப் பார். எங்களுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் எண் போட்டு ஆசிரியரிடம் கேள்வி கேட்போம். பத்து வேலை நாளில் பதில் வரவேண்டும். இரண்டு தடவை நினைவூட்டியும் வராவிட்டால், சந்தேகம் உள்ள பகுதி அச்சுக்குப் போகாது. உலகம் முழுக்கப் புத்தகம் இப்படித்தான் நடக்கிறது, உனக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அக்டோபரில் அனுப்பிய முதல் ப்ரூஃபில் பக்கம் 112-க்கு இரண்டு கேள்விகள். எண் 47: இறந்தவர்கள் 34 என்று பத்தியில் இருக்கிறது, பின்னிணைப்பில் 31 பெயர்தான் இருக்கிறது, எது சரி? எண் 48: 'ஆயுதம் தாங்கிய சிலர் சுட்டனர்' என்று இருக்கிறது, சுட்டது யார்? இரண்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கொடியைப் பெரிதாக்கச் சொன்னது உன் அமைச்சகம்.

ஆபீஸ் காரியத்தில் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நுழைக்காதே. கேட்டதற்குப் பதில் சொல்லும் வழக்கம் உனக்கு இருந்திருந்தால் பத்தி இருந்திருக்கும்.

சீதா


நொமேரா,
6 பிப்ரவரி 2024

சீதாவுக்கு ஆசீர்வாதம். மதுமதிக்கும். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

நாங்கள் சௌக்கியம். பொய் சொல்லுகிறவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதால் எனக்கு இரத்த அழுத்தம் மட்டும் ஏறியிருக்கிறது.

47-க்கு நான் பதில் எழுதினேன். ஓரத்தில் இடம் போதாமல் அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். திரும்பவும் எழுதுகிறேன், இந்தத் தடவை கண்ணைத் திறந்து படி.

இறந்தவர்கள் முப்பத்துநான்கு பேர். முப்பத்தொரு பேருக்குப் பெயர் இருக்கிறது. மீதி மூன்று பேர் கைக்குழந்தைகள். இந்தத் தீவில் முதல் பல் முளைத்த பிறகுதான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். இந்த மூன்றுக்கும் பல் முளைக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் எதை எழுதச் சொல்கிறாய்? நானே அந்த ஊருக்குப் போனேன். தப்பித்த ஒருத்தி மூன்று விரலைக் காட்டி, "இதுகளையும் எண்ணிக்கோ, எண்ணாமல் போகாதே" என்றாள். எண்ணினேன். நீயும் உன் ஜலஜாவும் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு கணக்கு இடிக்கிறது என்று தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

அது பதில் வராத கேள்வி இல்லை, நீங்கள் படிக்காத பதில். பத்தியைப் போடு. போட்டு மூன்றாவது ப்ரூஃப் அனுப்பு.

ராகவன்


மந்தைவெளி,
19 பிப்ரவரி 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இங்கே நலம். அங்கே உன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பழைய தாள்களைத் தேடச் சொன்னேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கபாலி தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா மேடம், மூணு மாசத்துக்கு முந்தி வந்த பார்சலைப் போய் இப்பத் தேடிக்கினு கீறீங்க? எல்லாம் கட்டி மேல ஏத்தியாச்சு" என்றான். அப்புறம் அவனே ஏணி போட்டு ஏறி, தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

பின்பக்கம் நீ எழுதியிருக்கிறாய். உண்மைதான். எங்கள் ஆபீஸில் ப்ரூஃப் வந்ததும் ஸ்கேன் செய்துவிடுவார்கள், முன்பக்கம் மட்டும். திரையில் பார்த்துத்தான் ஜலஜா வேலை செய்கிறாள். தாளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். 47-ஐப் பொறுத்தவரை தப்பு எங்களுடையது. மன்னித்துக்கொள். மூன்று குழந்தைகள் விஷயத்தைப் படித்துவிட்டு ஜலஜா பாத்ரூமுக்குப் போய் அழுதாள். எனக்கு அன்று சாதம் இறங்கவில்லை.

ஆனால் அந்தத் தாளை முன்னும் பின்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். 48-க்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. உன் கடிதத்திலும் 47-க்கு ஒரு பக்கம் வசவு இருக்கிறதே தவிர, 48 என்ற எண்ணே இல்லை. சுட்டது யார்? இதற்குப் பதில் எழுது, ஒரு வரி போதும். மறுநாளே பத்தி உள்ளே போகும்.

சீதா


நொமேரா,
5 மார்ச் 2024

சீதாவுக்கு.

சௌக்கியம்.

மன்னிப்புக் கேட்கும்போதுகூட ஒரு முள்ளை வைத்துத்தான் கேட்பாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

48 வேண்டாத கேள்வி. 'ஆயுதம் தாங்கிய சிலர்' என்று இருக்கிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதும். அந்த ஒன்பது வரியை உள்ளே கொண்டுவர நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஆறு வருஷம், நாற்பத்தொரு கூட்டம். "பிள்ளைகள் முதலில் நாட்டை நேசிக்கட்டும், சந்தேகப்பட அப்புறம் கற்றுக்கொள்ளட்டும்" என்றார் ஒருவர். "நம்மை ஆண்ட வெளிநாட்டுக்காரன் செய்த அக்கிரமத்தையே இன்னும் எழுதி முடிக்கவில்லை, அதற்குள் இதற்கு என்ன அவசரம்?" என்றார் இன்னொருவர். ஒரு பாதிரியார் மட்டும், "செத்தவர்களைச் சேர்க்காமல் எப்படித் தேசம் என்று சொல்வது?" என்று என் பக்கம் பேசினார். அவரும் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

நாம் இருவரும் மயிலாப்பூரில் படித்த புத்தகத்தில் பிரிவினைக்கு எத்தனை வரி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சுதந்திரம் வந்தது, கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். எல்லை தாண்டும்போது செத்தவர்களைப் பற்றி எனக்குக் காலேஜில்தான் தெரிந்தது. தெரிந்தபோது வாத்தியார்கள் மேல் எப்படிக் கோபம் வந்தது! இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கோபம் வரக்கூடாது என்றுதான் நான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன்.

இது அமைச்சகக் குழு ஏற்றுக்கொண்ட வாசகம். ஒரு தேசத்தின் வரலாற்றை மந்தைவெளியில் இருந்துகொண்டு நீ கேள்வி கேட்க வேண்டாம். காற்புள்ளி அரைப்புள்ளியைப் பார், அதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

ராகவன்


மந்தைவெளி,
18 மார்ச் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இங்கே நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

காற்புள்ளி பார்க்கிறவள் எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

கணினியில் அழித்த எழுத்து அழிந்துபோகாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ அனுப்பிய கோப்பில், திருத்தங்களை மறைத்துவிட்டு அழித்துவிட்டதாக நினைத்திருக்கிறாய். நதீம் ஒரு பொத்தானை அழுத்தினான், எல்லாம் சிவப்புக் கோட்டோடு மேலே வந்து நின்றது. "மேடம், இத நீங்களே பாத்துடுங்க, நான் எதுவும் படிக்கலே" என்று எழுந்து போய்விட்டான். உன் முதல் பிரதியில் 'ஆயுதம் தாங்கிய சிலர்' கிடையாது. 'வெளிநாட்டாருக்குத் துப்புக் கொடுத்தார்கள் என்று குற்றம்சாட்டி, விடுதலை முன்னணியின் மூன்றாம் படைப்பிரிவு சுட்டது' என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் மார்ச் மூன்றாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு அதை அடித்திருக்கிறாய். அடித்தது அமைச்சகக் குழு இல்லை, நீ.

மூன்றாம் படைப்பிரிவுக்குத் தலைவன் யார் என்று உன் புத்தகத்திலேயே ஒன்பதாம் பாடத்தில் படத்தோடு இருக்கிறது. ரூபென். இன்றைக்குக் கல்வித் துணை அமைச்சர். 2005-இல் நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் என் பீரோவில் இருக்கிறது. 'மரேலாவுக்கு அப்பா இல்லை. அண்ணன் ரூபென்தான் வளர்த்தான், அவன்தான் கையைப் பிடித்துக் கொடுத்தான்' என்று எழுதியிருந்தாய்.

நாட்டை ஆளுகிறவர்களைக் கேள்வி கேட்டேன், நாற்பத்தொரு கூட்டம் என்றெல்லாம் முழங்குகிறாயே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'சிலர் சுட்டனர்' என்று படிக்கும் பிள்ளை கையைத் தூக்கி, "யார் சார்?" என்று கேட்கும். வாத்தியார் என்ன சொல்வார்? "வேற யாரு, வெளிநாட்டுக்காரன்தான்" என்பார். முதல் எட்டுப் பாடத்திலும் சுட்டவன் அவன்தானே? நீ பொய் எழுதவில்லை, வாத்தியாரைப் பொய் சொல்ல வைக்கிறாய். அதற்கு அந்தப் பத்தி இல்லாமலே போகலாம்.

இன்னொன்று. மதுமதி பத்திரிகையில் உன் மனைவியின் பெயரை எடுத்தவளும் நான்தான். சம்பந்தி வீட்டில் யார் எந்த ஊர் என்று குடைவார்களே என்று பயந்தேன். 'இடம் போதவில்லை' என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். பயந்துகொண்டு ஒரு பெயரை விடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் 48-க்கு எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

மரேலாவுக்கு இது தெரியுமா?

சீதா


நொமேரா,
27 மே 2024

சீதாவுக்கு.

மூன்றாவது ப்ரூஃபும், நீ அனுப்பிய இரண்டு நினைவூட்டலும் வந்தன. 112-இல் பத்தியைப் போட்டு, ஓரத்தில் 48-ஐயும் திரும்பக் கேட்டிருக்கிறாய். பதில் எழுதாமல் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மரேலாவுக்குத் தெரியாது. ரூபென் அவளுக்கு அண்ணன் மட்டும் இல்லை, அப்பா, அம்மா எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். மஹதிக்கு உயிர் மாமா. என் விசா வருஷா வருஷம் அவன் மேஜையில்தான் புதுப்பிக்கப்படுகிறது. உனக்கு இதெல்லாம் கோழைத்தனமாகத் தெரியும். ஆயிரத்து சொச்சம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது சுலபம்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயசு தேசம் இது. செத்தவர்கள் முதலில் உள்ளே வரட்டும் என்று நினைத்தேன். சுட்டவன் பெயரை இன்னும் இருபது வருஷம் கழித்து எவனாவது எழுதுவான். இரண்டையும் ஒரே நாளில் எழுது என்று நின்றால் ஒன்றும் வராது. பெலுவாவில் சுட்டவன் பிள்ளையும் செத்தவன் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்தப் பெஞ்சில் நீ உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?

ஆனால் உன் விதி உனக்குப் பெரிசு. சரி. இதையே என் பதிலாக வைத்துக்கொள்: பக்கம் 112-இல் அந்தப் பத்தி வேண்டாம். ஒன்பது வரியையும் எடுத்துவிடு. கொடியைப் பழையபடி பெரிதாக்கிவிடு. அமைச்சகத்தில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், நீயும் சந்தோஷப்படு.

மூன்றாவது ப்ரூஃபில் மற்ற பக்கங்களுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், தனியாக வரும்.

ராகவன்


நொமேரா,
10 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம்.

நான் மஹதி. இது அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள், அதுதான் உங்கள் வேலை என்று அப்பா சொல்வார். நீங்கள் எல்லோரும் நலமா?

நீங்கள் மார்ச்சில் எழுதிய கடிதம் அப்பாவின் அகராதிக்குள் இருந்தது. நான் எடுத்துப் படித்தேன். அது தப்பு என்று தெரியும். படித்துவிட்டு அம்மாவுக்கு எங்கள் மொழியில் சொன்னேன். ரூபென் மாமாதான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் சைக்கிளை எடுக்கவில்லை.

இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"சீதா, எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் மட்டும் எங்கள் ஊர் வீட்டில் இருந்தேன், மத்தியானம் அண்ணன் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். நான் ஒன்றும் கேட்காமல் தோய்த்தேன். இரண்டு தடவை தோய்த்தேன். பெலுவா இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் இந்தப் பக்கம். அந்த ஊர்ப் பெண்கள் பதினாலு வருஷமாக எனக்கு மீன் விற்பதில்லை. கூடையை மூடிக்கொண்டு, தீர்ந்துவிட்டது என்கிறார்கள். இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைப்பவர் என் புருஷன் ஒருவர்தான். அவர் மனசு நோகக்கூடாது என்று நானும் தெரியாதவள் மாதிரியே இருந்துவிட்டேன்.

"உன் பத்திரிகையில் என் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம். இன்னும் வருத்தம்தான், போகவில்லை. ஆனால் நீ கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பக்கம் 112-ஐ இவருடைய கட்டிலிருந்து எடுத்தேன். 48-க்கு எதிரே பதிலை என் கையால் எழுதியிருக்கிறேன். படைப்பிரிவின் பெயர், தலைவன் பெயர், இரண்டும். அப்படியே அச்சடி."

அத்தை, அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். அப்பாவுக்கு இது தெரியாது. மதுமதி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மஹதி


மந்தைவெளி,
20 ஜூன் 2024

மன்னிக்கு நமஸ்காரம். மஹதிக்கு ஆசீர்வாதம்.

இங்கே நலம். மதுமதிக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் சுகம். மஹதி, உன் தமிழில் நான் திருத்த ஒன்றும் இல்லை. இதை அம்மாவுக்குச் சொல்.

மன்னி, உங்கள் கையெழுத்து உள்ள பக்கம் வந்தது. அதை அப்படியே திருப்பி அனுப்புகிறேன், கூடவே யாரும் எழுதாத பக்கம் 112 ஒன்றும் வைத்திருக்கிறேன். உங்கள் பதிலை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பதில். இதில் வேறு யார் கை பட்டாலும், 'சென்னையில் எவனோ காசு வாங்கிக்கொண்டு சேர்த்துவிட்டான்' என்று உங்கள் அமைச்சகம் ஒரே வரியில் கதையை முடித்துவிடும். அச்சடித்த புத்தகமெல்லாம் காகிதக் கூழாகும். அப்புறம் இருபது வருஷம் இல்லை, ஐம்பது வருஷத்துக்கு அந்தப் பத்தி வராது.

அண்ணா எடுக்கச் சொல்லி எழுதினான். நான் இன்னும் எடுக்கவில்லை. கொடியைச் சின்னதாக்கி ஒன்பது வரியையும் திரும்பப் போட்டு, 48-ஐத் திறந்தே வைத்திருக்கிறேன். ஜூலை பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் அவன் கையால் பதில் வராவிட்டால் பத்தியை எடுத்துவிடுவேன். முப்பத்தொரு வருஷ விதியை அண்ணன் என்பதற்காக வளைக்க மாட்டேன், உங்களுக்காகவும் மாட்டேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். பத்திரிகை விஷயத்தில் உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் அண்ணாவோடுதான் சண்டை போட்டேன், உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இப்போது கேட்கிறேன்.

சீதா


நொமேரா,
8 ஜூலை 2024

சீதாவுக்கு.

பேத்தி பிறந்ததற்கு ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் இன்றைய தேதிக்கு நலம். இனி வேண்டுமானால் நீ கேட்டு எழுதலாம், பதில் வருமா என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ரூபென் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். மரேலா மீனும் சோறும் வைத்தாள். அப்புறம் நீ திருப்பி அனுப்பிய பக்கத்தைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தத் தாள் வீட்டில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் அவள் எழுத்தைப் பார்த்தபோதுதான், அவளுக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். உன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல்தான் எனக்கு அதிகம் வந்தது.

ரூபென் கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். இரண்டு தடவை படித்தான். கத்துவான், மேஜையைக் கவிழ்ப்பான் என்று மஹதியை என் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன். அவன் கத்தவில்லை. இரண்டாவது வரியில் விரலை வைத்து, "ஆற்றங்கரை என்று உனக்கு யார் சொன்னது?" என்று என்னைக் கேட்டான்.

பிணங்கள் கிடந்த இடம் ஆற்றங்கரை, அதனால் அப்படி எழுதினேன் என்றேன்.

"அங்கே கொண்டுபோய்ப் போட்டோம். சுட்டது பள்ளிக்கூடத்தில். கூட்டம் என்று சொல்லி எல்லோரையும் அங்கேதான் வரச் சொன்னோம். கிழக்குப் பக்கம், கடைசி அறை." மரேலாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "இது அச்சில் வந்தால் அன்றைக்கே தடை போடுவேன். உன் விசாவும் அன்றோடு சரி. ஆனால் தப்பாக அச்சடிக்காதே."

தட்டில் பாதி சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் மஹதி அவனுக்குச் செருப்பை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அவன் தானே குனிந்து மாட்டிக்கொண்டான்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. நீ செய்தது சரியாக இருக்கலாம், ஆனால் என் வீட்டை என்னைக் கேட்காமல் திறந்துவிட்டாய். நாங்கள் இந்த ஊரில் இருப்போமா, மரேலா பிறந்த மண்ணை விட்டு மந்தைவெளியில் வந்து நிற்போமா, ஒன்றும் தெரியவில்லை. வந்தால் உன் வீட்டுக்கு வர மாட்டோம்.

நீ கூட வைத்திருந்த, யாரும் எழுதாத பக்கம் 112-ஐ இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். 48-க்குப் பதில் என் கையால் எழுதி, கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டிருக்கிறேன். இரண்டாவது வரியில் 'ஆற்றங்கரையில்' என்பதை அடித்துவிட்டு 'பெலுவா பள்ளியின் கிழக்குக் கடைசி அறையில்' என்று போடு.

அந்த அறைக்கு நான் ஆசிரியர் பயிற்சிக்காக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவர் ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பாக இருக்கும். மழையில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அங்கே எட்டாம் வகுப்பு நடக்கிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறார்கள், தடை வருவதற்குள் புத்தகம் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதம் பண்ணாதே.

விஜயராகவன்